ஆறு போல்ட், ஆறு கோடு

அத்தியாயம் 7

“இது ஹோஸ் இல்ல மேடம். நேத்து ஊறவெச்ச சாம்பார் வடை” என்றான் ஜஸ்டின்.

விரல் நீளமுள்ள அந்த ரப்பர் குழாயை இரண்டு விரல்களால் தூக்கிக் காட்டினான். நடுவில் தொப்பை போட்டிருந்தது. அமுக்கினால் உள்ளே போய், வெளியே வருவதா வேண்டாமா என்று யோசித்தது. நீளவாக்கில் ஒரு வெடிப்பு. தொட்ட விரலில் கருப்பு ஒட்டிக்கொண்டது.

சாமுண்டீஸ்வரி அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இருபது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, வந்து விழும் விபத்துக் கதைகளில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்துப் போட்ட பெண்மணி. இப்போது ஐம்பத்திரண்டு வயதில், அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் சொந்தத் துப்பறியும் நிலையம். ஜஸ்டின் அவருடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் சாப்பாடு டெலிவரி செய்தவன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. எப்போது வாயை மூட வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை. அவன் ஓட்டுகிற ஸ்கூட்டர் மேடத்தின் காலஞ்சென்ற கணவருடையது. ஆறடி மனிதருக்குத் திருப்பி வைத்த கண்ணாடி அப்படியே இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. ஐந்தடி நாலங்குல ஜஸ்டினுக்கு அதில் வானம்தான் தெரியும். பின்னால் வரும் லாரியைக் காதால் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டான்.

“வெள்ளிக்கிழமை நடந்ததை ஒரு தடவை வரிசையா சொல்லிடு காவ்யா” என்றார் சாமுண்டீஸ்வரி.

சேக்காட்டில் அந்த மெக்கானிக் கடை வாசலில், கழற்றிப் போட்ட ஒரு கார் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் காவ்யா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கடைக்காரர் வேம்புலியின் ஒரே பெண். நின்றுபோன நிச்சயதார்த்தத்தின் நாயகி. மேடத்துக்கு போன் போட்டு வரவழைத்தவளும் அவள்தான்.

“வேலப்பன்சாவடி மண்டபத்துல ஒம்பதுல இருந்து பத்தேகாலுக்குள்ள நிச்சயம் மேடம். பரத் வீட்ல எல்லாரும் கொரட்டூர்ல இருந்து வேன்ல வந்துட்டாங்க. பரத் மட்டும் டெய்லர் கிட்ட சட்டை வாங்கிட்டு பைக்ல வர்றேன்னான். பைபாஸ்ல வண்டி நின்னுடுச்சி.”

“ஆட்டோ புடிக்க வேண்டியதுதானே?” என்றான் ஜஸ்டின்.

“அதான் கொடுமை. சுத்தமா நின்னிருந்தா புடிச்சிருப்பான். ஸ்டார்ட் ஆவுது, நூறடி ஓடுது, இருமுது, நிக்குது. மறுபடி ஸ்டார்ட் ஆவுது. இந்தா ஓடிடும், இந்தா ஓடிடும்னே நம்ப வெச்சி நம்ப வெச்சி, பத்து நாப்பதுக்கு வந்து சேந்தான். பத்தரைக்கே ராகுகாலம் வந்துடுச்சி. அவங்கப்பா எழுந்துட்டாரு. சகுனம் சரியில்லன்னாரு.”

சாயங்காலமே பரத்தும் அவன் அப்பாவும் வண்டியை இங்கே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த, எல்லார் முன்னிலையிலும் வேம்புலி டேங்கைத் திறந்திருக்கிறார். இந்த ரக வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் முழுகிக் கிடக்கும். பம்பிலிருந்து வெளி வாய்க்குப் பெட்ரோலைக் கொண்டுபோகும் சின்னக் குழாயும் உள்ளேதான். அந்தக் குழாய் தேய்ந்துபோய், இரண்டு மாதம் முன்பு வேம்புலிதான் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தார். மாற்றிய குழாய் வெடித்துக் கிடந்தது.

“சொட்டு பெட்ரோல் வெளிய வர்லியா?” என்றான் ஜஸ்டின்.

“எப்டி வரும்?” கடைக்குள்ளிருந்து முதல் தடவையாகக் குரல் வந்தது. வேம்புலி முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஹோஸு கிழிஞ்சி பெட்ரோல் பெட்ரோலுக்குள்ளயே ஊத்திக்கினு கீது. இன்ஜினுக்கு இன்னா போவும்?”

“திருடன் ஹால்ல திருடி பெட்ரூம்ல வெச்சா மாதிரி.”

“அந்தத் திருடன் நான் இல்ல தம்பி.” வேம்புலி திரும்பினார். ஐம்பத்தைந்து வயது மனிதர். கண்கள் சிவந்திருந்தன. “மேடம், நீங்களே சொல்லுங்க. முழுகிக்கினே கெடக்கிற ஹோஸு வேற, வெளிய தொங்கற ஹோஸு வேற. இது வெளிய தொங்கற சரக்கு. உள்பக்கந்தான் பெட்ரோல் தாங்கும், மேல்தோலு தாங்காது. முழுகடிச்சா இருவது நாள்ல இப்டி ஊதிக்கும். நான் சிட்டிக்குப் போயி, நாலு கட ஏறி எறங்கி, முழுகற ஹோஸு வாங்கியாந்து போட்டேன். இத நான் போடல.”

“ஆனா அப்பாவோட கோடு இருந்துது மேடம்” என்றாள் காவ்யா மெல்ல.

அதுதான் கேஸின் முடிச்சு. வேம்புலிக்கு ஒரு பழக்கம். முடுக்கிய போல்ட்டின் தலையில் தொடங்கி, பக்கத்துத் தகடு வரை நெயில் பாலீஷால் ஒரு கோடு இழுத்துவிடுவார். போல்ட் லூஸாகித் திரும்பினாலோ, வேறு யாராவது கை வைத்தாலோ கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். காவ்யா தூக்கிப் போடும் பாட்டில்கள்தான் சப்ளை. ஆவடி வட்டாரத்தில் வேம்புலி கோடு பிரசித்தம். வெள்ளிக்கிழமை திறக்கும்போது டேங்க் அடியில் ஆறு போல்ட்டிலும் ஆறு கோடும் உடையாமல் இருந்தன. அப்படியென்றால் நடுவில் யாரும் திறக்கவில்லை. அப்படியென்றால் ஊதிய குழாய் வேம்புலி போட்டதுதான்.

“சொந்தக் கையெழுத்தே சாட்சிக் கூண்டுல ஏறிடுச்சி” என்றான் ஜஸ்டின்.

“அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு பரத்தோட அப்பா” என்றாள் காவ்யா. “வர்ற புதன்கிழமை நல்ல முகூர்த்தம். அஞ்சு மணிக்குள்ள சொல்லலன்னா மண்டபத்தை வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவாங்க. அதுக்குள்ள அப்பா, ‘நான் போட்டது தப்பு’ன்னு ஒத்துக்கிட்டா புதன்கிழமை நிச்சயம். இல்லன்னா இந்த சம்பந்தமே வேணாமாம். வேலைல பொய் சொல்றவர் வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாராம்.”

“ஒத்துக்கறதா இருந்தா அன்னிக்கே ஒத்துக்கினு இருப்பேனே” என்றார் வேம்புலி. ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். “முப்பது வருசமா டேங்க் தொறக்கிறேன். செஞ்சத செய்யலன்னு சொன்னதில்ல. செய்யாதத செஞ்சேன்னு எப்டி சொல்றது?”

சாமுண்டீஸ்வரி டேங்கின் அடியை மூடியிருந்த வட்டத் தகட்டையும், கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் கிடந்த ஆறு போல்ட்டுகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். போல்ட் தலைகளில் மெரூன் நிறக் கோடு. தகட்டின் விளிம்பிலும் அதே மெரூன்.

“காவ்யா, திறக்கறதுக்கு முன்னாடி போட்டோ ஏதாவது எடுத்தியா?”

எடுத்திருந்தாள். போனில் பெரிதாக்கிக் காட்டினாள். சாமுண்டீஸ்வரி பார்த்தார். பிறகு கடையில் நின்ற மற்ற வண்டிகளைக் குனிந்து பார்த்தார். ஒரு வண்டியில் வேம்புலி கோடு கோணல், இன்னொன்றில் கொட்டிய சட்னி, மூன்றாவதில் புழு.

“ஜஸ்டின், இந்த போட்டோல கோடு எப்படி இருக்கு?”

“சைக்கிள் வீல் ஆரம் மாதிரி மேடம். ஸ்கேல் வெச்சா மாதிரி. வேம்புலி அண்ணாத்தே அன்னிக்கு நல்ல மூடுல இருந்திருப்பாரு.”

“இதையும் பாரு.”

அவர் நகத்தால் காட்டிய இடத்தில், தகட்டின் மீது, மெரூன் கோட்டுக்கு ஒரு நெல் அகலம் தள்ளி, ஏதோ மினுக்கியது. ஜஸ்டின் மூக்கு ஒட்டும் வரை குனிந்தான். மணல் மாதிரி மூன்று நாலு புள்ளிகள். பச்சை.

காவ்யா துள்ளி எழுந்தாள். “ஐயோ, அது என்னோட கிளிப்பச்ச! ஜிகினா போட்டது. பொங்கலுக்கு வாங்கினேன். பூசினா கை தவளை மாதிரி இருந்துதுன்னு அப்பாகிட்ட குடுத்துட்டேன். ரெண்டு மாசம் முன்னாடி அப்பா அதத்தான் யூஸ் பண்ணிட்டிருந்தாரு!”

“யாரோ திறந்திருக்காங்க. திறந்துட்டு, பழைய பச்சையைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா மெரூன் கோடு போட்டிருக்காங்க” என்றார் சாமுண்டீஸ்வரி. “பாலீஷைச் சுரண்டலாம். ஜிகினாவை யாராலயும் முழுசா சுரண்ட முடியாது.”

“தெரியும் மேடம். எங்க அக்கா கல்யாணத்துல கன்னத்துல ஒட்டினது. பாப்பா பொறந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருந்துது” என்றான் ஜஸ்டின்.

வேம்புலியின் முகத்தில் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ரத்தம் ஓடியது. “கலர நான் கவனிக்கவே இல்லியே! தெனம் ஒரு கலரு. எதுக்கு எது போட்டேன்னு யாருக்கு நெனப்பு கீது? எவன் மேடம் அவன்?”

“கோட்டோட பழக்கம் தெரிஞ்சவன். ஹோஸோட வித்தியாசம் தெரியாதவன்” என்றார் அவர். “கிளம்பு ஜஸ்டின். கொரட்டூர் போறோம்.”

*

ஸ்கூட்டரில் போகும்போதே ஜஸ்டின் கேஸை முடித்துவிட்டான்.

“மாப்ளதான் மேடம். கல்யாணம் புடிக்கல. வாயத் தொறந்து சொல்ல தைரியம் இல்ல. டேங்கத் தொறந்து சொல்லிட்டான்.”

“முன்னாடி பார்த்து ஓட்டு.”

“பின்னாடிதான் பாக்க முடியாது, முன்னாடி நல்லாவே தெரியுது மேடம்.”

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்து அடுக்ககத்தில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது பரத்தின் அம்மா கோமளா. வட்ட முகம். கலைந்த முகத்திலும் உபசாரம் குறையவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி டம்ளரை நீட்டியபோது, ஜஸ்டினின் கண் டம்ளரில் இல்லை, விரலில் இருந்தது. பத்து நகமும் மெரூன்.

அவன் மேடத்தின் காலை மிதித்தான். மேடம் திருப்பி மிதித்தார்.

பரத் சோபாவில் துவண்டு கிடந்தான். மூன்று நாள் தாடி. அப்பா சண்முகசுந்தரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயது, இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. ஆவடியில் ராணுவ டேங்க் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைச் சொல்லிவிட்டுத்தான் தன் பெயரையே சொன்னார்.

“நீங்க செஞ்ச டேங்க் எல்லை வரைக்கும் போவுது. சம்பந்தி செஞ்ச டேங்க் வேலப்பன்சாவடி வரைக்கும் கூட வர்ல. அதான் உங்க வருத்தம் சார், இல்ல?” என்றான் ஜஸ்டின்.

“வருத்தம் டேங்க்ல இல்லை தம்பி. மனுஷன்ல” என்றார் சண்முகசுந்தரம். “தப்பு யாருக்கும் வரும். ஒத்துக்கணும். சீல் உடையலை, ஆனா உள்ளே இருக்கற பொருள் என்னுது இல்லைங்கறார். கேக்கறவன் கேனையனா?”

“ஹோஸ்தான் காரணம்னு நினைக்கறீங்களா?” என்றார் சாமுண்டீஸ்வரி.

“ஹோஸ் நல்லாத்தான் இருந்தி…” என்று தொடங்கி, அவர் இருமினார். “அதாவது, ஹோஸைக் கவ்வற கிளாம்பை ஒழுங்கா முடுக்கியிருக்க மாட்டார். முடுக்கியிருந்தா ஹோஸ் ஏன் வெடிக்குது?”

ஜஸ்டின் பரத்தின் பக்கம் திரும்பினான். “பாஸ், கடைசியா எப்ப டேங்கத் தொறந்தீங்க?”

“நானா? பெட்ரோல் மூடியே பங்குல இருக்கறவர்தான் திறப்பார்.”

“இவன் ஊறுகா பாட்டிலக் கூட என்கிட்டதான் குடுப்பான்” என்றார் கோமளா. “வண்டியும் அப்படி ஒண்ணும் ஓடல. மூணு வாரம் முன்னாடி பெங்களூர்ல ஒரு வாரம் ட்ரெயினிங்னு போயிட்டான். வண்டி கீழ பார்க்கிங்லயேதான் நின்னுது. சாவி ஆணில தொங்கிச்சு.”

“உங்க நெயில் பாலீஷ் நல்ல கலர்” என்றார் சாமுண்டீஸ்வரி திடீரென்று.

கோமளாவின் முகம் மலர்ந்தது. “முப்பது வருஷமா இதே கலர்தாங்க. ஆனா பாருங்க, ஒரு பாட்டில் பத்து நாள் தாங்கறதில்ல. நகத்துக்குப் பூசறேனா, சுவத்துக்குப் பூசறேனான்னு எனக்கே சந்தேகம்.”

ஜஸ்டின் மறுபடி காலை மிதித்தான். மேடம் அங்கே இல்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போயிருந்தார். அவர் தண்ணீர் குடிக்கவில்லை; குக்கரின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேஸ் அடுப்பின் காலை. பிறகு கூடத்துக்கு வந்து, தலைக்கு மேல் சுற்றாமல் நின்ற ஃபேனை. கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டுப் பாத்திரம் விலை பார்ப்பது மாதிரி இருந்தது ஜஸ்டினுக்கு.

“வேம்புலி நாலரைக்குத் தன் கடையில பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கார்” என்றார் சாமுண்டீஸ்வரி. “மூணு பேரும் வந்துடுங்க.”

படியிறங்கும்போது ஜஸ்டின் கொதித்தான். “அவரு எப்ப மேடம் சொன்னாரு? பதிலே இல்லியே நம்பகிட்ட!”

“உன்கிட்ட இல்லை.”

“அம்மாதான் குத்தவாளியா? பாலீஷ் தீந்துபோச்சின்னு அவங்களே வந்து மாட்டிக்கறாங்களே. ஆனா ஊறுகா பாட்டில் தொறக்கற கைக்கு டேங்க் தொறக்கத் தெரியுமா?”

“வழியில ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல நிறுத்து. மெரூன் நெயில் பாலீஷ் ஒண்ணு வாங்கு.”

“மேடம், இன்னா இது திடீர்னு?”

“எனக்கில்லை.”

ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு பெண் பன்னிரண்டு மெரூன் எடுத்துப் போட்டாள். எது வேணும் என்றாள். போல்ட் மேல் பூச என்றான் ஜஸ்டின். அவள் மேலாளரைக் கூப்பிட்டாள்.

*

நாலரைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். காவ்யாவும் பரத்தும் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல், ஒரு பழைய டயருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். மேஜை மீது காலி டேங்க் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பம்ப், வட்டத் தகடு, துடைத்த போல்ட்டுகள், துணி, அப்புறம் மூடி திறந்த ஒரு நெயில் பாலீஷ் பாட்டில்.

வேம்புலி மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தோள் இறங்கியதை ஜஸ்டின் கண்டான். ஐயோ, மனுஷன் கவிழ்ந்துவிட்டார்.

“சார்” என்றார் வேம்புலி. “பொண்ணு மூணு நாளா சோறு துன்ல. போவட்டும். நான்தான் அந்த…”

“ஒரு நிமிஷம்” என்றார் சாமுண்டீஸ்வரி. “யார் தப்புங்கறது அப்புறம். வண்டி முதல்ல ஓடணுமில்லையா? புது ஹோஸ் வந்தாச்சு. எல்லார் கண்ணு முன்னாடியும் மாட்டிடலாம். நாளைக்கு யாரும் பேச்சு மாத்த முடியாது.”

வேம்புலி புரியாமல் விழித்தார். ஆனாலும் வேலை என்றதும் கை நகர்ந்தது. புதுக் குழாயைப் பம்பில் செருகினார், கிளாம்பை முடுக்கினார், டேங்குக்குள் இறக்கித் தகட்டைப் பொருத்தினார். போல்ட்டுகளை எடுக்கப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வேணாம் மேடம். நான் முடுக்கினா மறுபடியும் என் தலைல வந்து விடியும். சாரே முடுக்கட்டும்.”

“அதுவும் சரி” என்றார் சண்முகசுந்தரம். மூன்று பேனாவையும் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்தார்.

ஸ்பேனர் கைக்கு வந்ததும் மனிதரே மாறிப்போனார். முதுகு வளைந்தது, கண் கூர்ந்தது, உதடு ஏதோ ராகத்தை முணுமுணுத்தது. முதல் போல்ட், அதற்கு நேர் எதிர் போல்ட், அடுத்தது, அதற்கு எதிர். ஒரே சீராக முடுக்கினார். கடைசிப் போல்ட்டில் ஸ்பேனர் ‘க்ளிக்’ என்றதும், திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டினார். கை மேஜையைத் துழாவியது. பாட்டில் அகப்பட்டது. பிரஷ்ஷை எடுத்து, பாட்டில் வாயில் ஒரு முறை வழித்துவிட்டு, போல்ட் தலையிலிருந்து தகடு வரை ஒரு கோடு இழுத்தார். அடுத்த போல்ட்டில் ஒரு கோடு. அதற்கடுத்ததில்.

ஆறாவது கோடு முடிந்தது. ஓர் அடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சரிபார்த்தார்.

“ம். ஓ.கே.” என்றார்.

அப்போதுதான் எல்லார் கண்ணும் தன் கை மேலேயே இருப்பதைக் கவனித்தார். ஆவடி பஸ் ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. காவ்யா தன் போனை நீட்டினாள். வெள்ளிக்கிழமை எடுத்த போட்டோ. ஆறு மெரூன் கோடு. சைக்கிள் வீல் ஆரம் மாதிரி. போனையும் டேங்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எது போட்டோ, எது டேங்க் என்று குழம்பும்.

முதலில் வாயைத் திறந்தது கோமளாதான். “அடப்பாவி மனுஷா! என் நெயில் பாலீஷ்!”

“குக்கர் கைப்பிடி ஸ்க்ரூவில கோடு” என்றார் சாமுண்டீஸ்வரி. “கேஸ் அடுப்புல கோடு. ஃபேன்ல கூட ஏறி மூணு கோடு. முப்பத்திநாலு வருஷம் எந்தப் பிரிவில இருந்தீங்க சார்?”

“இன்ஸ்பெக்‌ஷன்” என்றார் சண்முகசுந்தரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“முடுக்கினா கோடு போடாம கை வெளிய வராது.”

“வராது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜஸ்டின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் இருந்தான். நாலு நொடி.

“பெங்களூர் போயிருந்தப்போ திறந்தேன்” என்றார் சண்முகசுந்தரம். “சம்பந்தியாகப் போறவரோட வேலை எப்படி இருக்குன்னு பார்க்க ஆசை. வேற எண்ணம் இல்லை. திறந்தா, உள்ளே அந்த ஹோஸ். மெல்லிசா, மேல பின்னல் இல்லாம, டியூப் மாதிரி. என் பையன் பைபாஸ்ல போறவன். இதுவா தாங்கும்? அம்பத்தூர்ல போய் நல்ல தடியா, மேல பின்னல் போட்டதா, எட்டு டன் வண்டிக்குத் தாங்கற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். பழைய கோட்டை வழிச்சு எடுத்தேன். புதுசா போட்டேன். அதுல போய்த் தப்பு வரும்னு நான் நினைக்கவே இல்லை. திருட்டுத்தனமா திறந்ததை வெளியே சொல்ல வெட்கமா போச்சு. கிளாம்புதான் விட்டுடுச்சுன்னு நினைச்சேன்.”

“அந்த கிளாம்பையும் நீங்கதானப்பா முடுக்கியிருப்பீங்க?” என்றான் பரத்.

சண்முகசுந்தரம் மகனை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஆமால்ல” என்றார்.

கோமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். அது மூக்கு வழியாக வெளியேறி, காவ்யாவைத் தொற்றி, டயரைத் தாண்டி பரத்தைப் பிடித்தது. அப்பாக்கள் இரண்டு பேரும் மட்டும் சிரிக்கவில்லை.

“என் ஹோஸு இன்னா ஆச்சி?” என்றார் வேம்புலி. உண்மை வெளிவந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி.

“என் பெட்டியில இருக்கு. எண்ணெய்த் துணியில சுத்தி வெச்சிருக்கேன். ஒரு கீறல் இல்லை. குப்பையில போட மனசு வரலை.”

வேம்புலி தலையை மேலும் கீழும் ஆட்டினார். சண்முகசுந்தரம் எழுந்து மேஜை மீதிருந்த ஊதிய குழாயை எடுத்தார். அமுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். தோலை நகத்தால் சுரண்டினார். விரலில் ஒட்டிய கருப்பை முகர்ந்தார். தன் மகனே கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் அந்த முகத்தில் மாற்றம் இருந்திருக்காது.

“உள்பக்கம் தாங்குது. வெளிப்பக்கம் கரையுது. இதை உள்ளே போட்டவன் வேலை தெரியாதவன்” என்றார். “ரிஜெக்ட்.”

குழாயைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வேம்புலிக்கு முன்னால் போய் நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைசியில் கும்பிட்டார்.

“உங்க வாயால ஒரு பொய் சொல்ல வெச்சிருப்பேன். நல்லவேளை இந்தம்மா நிறுத்தினாங்க.”

“வுடுங்க சார். புள்ள மேல கீற பாசத்துல செஞ்சீங்க” என்றார் வேம்புலி. குரல் தடுமாறியது. அதை மறைக்க உரக்கச் சொன்னார்: “ஆனா கோடு சூப்பரா போட்றீங்க! நம்ப கடைக்கே வந்துடுங்களேன். என் கோட்டப் பாத்து புழுவுன்றாங்க.”

“மணி நாலு ஐம்பத்திரண்டு” என்றான் ஜஸ்டின். “பாசம் அப்புறம். மண்டபம்!”

பரத் மண்டபத்துக்கு போன் அடித்தான். புதன்கிழமை காலை ஒன்பது மணி. உறுதி. சண்முகசுந்தரம் போனை எடுத்தார். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன நாற்பத்தாறு சொந்தக்காரர்களும் அவருடைய குடும்பக் குழுவில் இருந்தார்கள். குரல் பதிவுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அறிக்கை வாசிப்பதுபோல் பேசினார்.

“எல்லாருக்கும் வணக்கம். சண்முகசுந்தரம் பேசறேன். வெள்ளிக்கிழமை சகுனம் சரியில்லைன்னு சொன்னேன். சகுனத்துல குறை ஒண்ணும் இல்லை. சம்பந்தி சரியா செஞ்ச வேலையை நான் யாருக்கும் தெரியாம அவுத்து, தப்பா மாட்டினேன். குறை என் கையில. அவர் மேல பழி போட்டதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். புதன்கிழமை காலை ஒன்பது மணி, அதே மண்டபம்.”

வேம்புலிக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. கிரீஸ் கையோடு எட்டி, போனைத் தன் வாய்ப்பக்கம் திருப்பினார்.

“நான் பொண்ணோட நைனா வேம்புலி பேசறேன். அல்லாரும் ஊட்டோட வந்துடுங்க. மாப்ள பைக்ல வரமாட்டாரு. நானே போயி ஷேர் ஆட்டோல இட்டாந்துட்றேன்.”

“ஏன் மாமா? வண்டிதான் சரியாயிடுச்சே?” என்றான் பரத்.

“வண்டி சரியாயிடுச்சி மாப்ள. உங்க ஊட்ல இன்னும் ஸ்பேனர் கீதே!”

சண்முகசுந்தரத்தின் கட்டைவிரல் அதுவரை பொத்தானை விடவில்லை. நாற்பத்தாறு பேருக்கும் அதுவும் சேர்ந்தே போயிற்று.